டெல்லாவுக்குப் பொட்டு வைத்த ஊர்

சிவகாசி டெல்லாவின் முகத்தைத் திருடிவிட்டது. திருடியவன் சென்னையில் என்னோடு மூன்று வருடம் குடும்பம் நடத்தியவன். இங்கே அவனைக் குமரேசன் என்கிறேன்; அது அவன் பெயரல்ல.

டெல்லாவைத் தெரியாதவர்களுக்கு: எங்களைப் போன்ற தன்பாலீர்ப்பாளர்களை மேடையில் நின்று ‘என் பிள்ளைகள்’ என்று சொல்லி, அதற்காக வசை வாங்கிய மேல்நாட்டுப் பாப் பாடகி. முடிந்துவிட்டாள் என்று எல்லோரும் எழுதிய பிறகு, அறுபதை நெருங்கும் வயதில், போன மாதம் புது ஆல்பத்தோடு வந்தாள். அதே வாரம் பாரிமுனைக் கடையில் ஒரு மத்தாப்புப் பெட்டியில் அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் குங்குமப் பொட்டு. தோளை மூடி முந்தானை.

அப்பாவுக்கு முடியவில்லை என்று தை மாதம் ஊருக்குப் போன குமரேசன், தாய்மாமன் அச்சகத்தில் லேபிள் வடிவமைக்கிறான். பெட்டியின் ஓரத்தில் அந்த அச்சகத்தின் பெயர்தான் இருந்தது. என் அழைப்பை எடுப்பதில்லை. இது எனக்கான சேதியா, வெறும் வியாபாரமா? புரியாமல்தான் கிளம்பினேன்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறி, காலை ஆறு மணிக்கு விருதுநகரில் இறங்கினேன். அங்கிருந்து சிவகாசி 26 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம், 25 ரூபாய். ஆட்டோக்காரரிடம் பெட்டியைக் காட்டினேன்.

“இந்தக்காவா? போன சீசன்ல கிளி, இந்த சீசன்ல இவுக. எந்தூரு ஹீரோயின்ணே?” எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அச்சக வாசலில் விட்டார்.

மாமா என்னைச் சந்தேகமே இல்லாமல் வரவேற்றார். “வாங்க தம்பி, சாப்பிட்டீகளா? மாப்ளயோட மெட்ராஸ் சேக்காளியா?” லேபிளைப் பற்றிக் கேட்டதும் குஷியாகிவிட்டார். “படம் மாப்ள கொண்டாந்தது. நெத்தி வெறிச்சுன்னு கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா எவன் வாங்குவான்? நாந்தான் பொட்டு வைக்கச் சொன்னேன். இப்ப பாருங்க, எம்புட்டு லெச்சணம்!” அதே மூச்சில் சொன்னார்: “தீபாவளி லோடு போனதும் எம் மகளுக்கும் இவனுக்கும் கல்யாணம். நீங்க கூட இருந்து நடத்திக் குடுக்கணும்.”

பெட்டியைப் பார்த்தேன். மாமாவின் பின்னால் லேபிள் கட்டோடு நின்ற குமரேசனைப் பார்த்தேன். இரண்டும் ஒரே கைவேலை.

டீக்கடையில் நானும் அவனும் காதுக்கு ஒன்றாய் இயர்போனை மாட்டிக்கொண்டு புது ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்டோம். பெஞ்சுக்கு அடியில் அவன் கால் தாளம் போட்டது.

“குரல் எறங்கிருச்சுல்ல?”

“ஆமா. ஆனா மறைக்கல, பாத்தியா?” என்றேன். “எதுக்குடா அவ படம்?”

“தெரியலடா. தெனம் பாத்துக்கிட்டு இருக்கலாம்ல. அம்புட்டுதான்.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தான். “லோடு ஏத்தணும்” என்று எழுந்து போனான்.

சாத்தூர் வழியாகத் திரும்பினேன். வழியெல்லாம் பட்டாசு ஆலை வாசல்களில் அபாயப் பலகை. பலகை இருந்தும் கூலிக்குப் போகிறவர்கள்தான் எரிகிறார்கள். பலகைகூட இல்லாமல் ஒரு பெண்ணை உள்ளே அனுப்புவதற்கு இங்கே பெயர் கல்யாணம்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், பாதி ஊர் மூடியிருக்கும். பையில் லைட்டர் வேண்டாம். ஆலை வாசலில் படம் எடுக்காதீர்கள். விருதுநகரில் எண்ணெய் புரோட்டா சாப்பிடுங்கள். என்னால் பாதிதான் முடிந்தது.

டெல்லா திரும்பி வந்ததில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று இன்னும் விளங்கவில்லை. அவள் பாடி யார் கல்யாணமும் நிற்கவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைக் கொளுத்த மனம் வரவில்லை.

சாத்தூரிலிருந்து அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்: தாலி கட்டுவதற்கு முன்னால் அவளிடம் சொல், குமரேசா.