டேரன் குதித்த ஞாயிறு

ஞாயிறு காலை ஆறரை மணி, பயிற்சிக்குப் பதினாறு ஆட்கள், ஒரு டேரன். விளையாட்டுப் பக்க நிருபன் என்றால் கிரிக்கெட் ஸ்டேடியத்தில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். ஊரே தூங்கும் நாளில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

நாலு கம்பம்

டேரன் மெல்பர்னில் அவர்கள் ஊர் ஃபுட்பாலைத் தொழிலாக ஆடியவர். இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்று சாஃப்ட்வேருக்கு மாறி, கம்பெனி அனுப்பியதால் ஹைதராபாத் வந்தார். வந்த சூட்டோடு ஐடி பையன்களையும் மல்லாபூர் தொழிற்சாலை ஆட்கள் சிலரையும் சேர்த்து ஓர் அணி கட்டினார். முட்டை வடிவப் பந்து, இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. பந்தைக் கையால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும்.

பந்து வைத்திருப்பவனைத் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் கட்டிப் பிடிக்கலாம் என்று டேரன் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். மல்லாபூரிலிருந்து வந்த கபடி ஆட்டக்காரர் யாதகிரி யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆளைப் பிடிக்கிறதுதான் ஆட்டம்னா, நடுவுல பந்து எதுக்கு சார்?"

எழுத வேண்டாத பேட்டி

டேரனின் கொண்டாப்பூர் ஃபிளாட்டில் பேட்டி. இவ்வளவு சீக்கிரம் ஏன் ஓய்வு பெற்றீர்கள் என்று கேட்டேன். தலையில் அடி, ஒன்றல்ல, பல என்றார். கடைசி மேட்ச் முடிந்த மறுநாள் அதை டிவியில் காட்டியபோது, யார் ஜெயித்தது என்று மனைவியிடமே கேட்டிருக்கிறார். அந்த மேட்சில் கடைசி கோலைப் போட்டது அவர்தான். இன்னோர் அடி பட்டால் தன்னால் எதற்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இதை எழுத வேண்டாம் என்றார் டேரன். எழுதவில்லை.

அவர் மனைவி ஜில் லிஃப்ட் வரை வந்தார். கோச்சாக மட்டும், ஆட்டக்காரராக ஒருபோதும் இல்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இந்தியாவுக்கு வரச் சம்மதித்தாராம். லிஃப்ட் கதவு மூடும் முன் சொன்னார்: "விசில் ஊதட்டும், கத்தட்டும். பந்து உயரத்தில் இருக்கும்போது மட்டும் அவர் முகத்தைக் கவனியுங்கள்."

ஓர் ஆள் குறை

சென்னை அணி ரயிலேறி வந்திருந்தது. பக்கத்துக்கு ஒன்பது பேர். கொடி அசைக்க ஆள் இல்லாததால் நிருபனான என்னையே கோல் கம்பத்தடியில் நிறுத்தினார்கள். கோல் என்றால் இரண்டு வெள்ளைக் கொடி, ஓரமாகப் போனால் ஒன்று. கடைசிப் பகுதி தொடங்கும்போது நம் ஆள் ஒருவனை ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஷூவோடு பைக்கில் ஏறிப் போய்விட்டான். டேரன் விசிலைக் கழற்றினார். கேப்டன் சரவணன் ஈரோட்டுக்காரன். எட்டு பேரோடு ஆடித் தோற்கிறோம் என்று அவரிடம் கெஞ்சினான். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு யாருங்க சார் பதில் சொல்றது?" என்றான்.

பந்து உயரே எழுந்தது. உள்ளே இறங்கிவிட்ட டேரனின் முகத்தைப் பார்த்தேன். அங்கே கோச் இல்லை. சென்னைக்காரன் முதுகில் இடது முழங்காலை ஊன்றி, ஏணியில் ஏறுவதுபோல் ஏறி, அவன் தலைக்கு மேலே பந்தைப் பிடித்தார். அந்த ஆட்டத்தில் அது முறையான செயல்தான். இறங்கியது முறையாக இல்லை. பின்மண்டை கட்டாந்தரையில் மோதியது. எழுந்தார், உதைத்தார், கோல். என் கை தானாக இரண்டு கொடியையும் அசைத்தது. அடுத்து நடு மைதானத்துக்குப் போக வேண்டியவர் சென்னை ஆட்களோடு போய் நின்றார். சரவணன் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வெளியே உட்கார வைத்தான். ஆட்டம் முடிந்ததும் டேரன் என்னிடம் கேட்டார்: "எழுதாமல் விடுவது பொய் ஆகாது, இல்லையா?"

படம்

எங்கள் போட்டோகிராபர் காதர் அந்தத் தாவலைப் பிடித்துவிட்டார். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ராவ் சார் அதை நாலு பத்தி அகலத்துக்குப் பெரிதாக்கினார். வேண்டாம் சார் என்றேன். ஏன் என்றார். ஏன் என்று சொன்னால் எல்லாம் சொன்னதாகிவிடும். ஃபோகஸ் சரியில்லை என்று இழுத்தேன். காதர் என்னை முறைத்தார்.

ராவ் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் மூக்கு படும்படி பார்த்தார். முகத்தைக் கையும் பந்தும் மறைத்திருந்தன. பெயர் வேண்டாம், ஹைதராபாத் வீரர் என்று மட்டும் போடு என்றார். "மூஞ்சியே தெரியலயேய்யா, யாருன்னு எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

திங்கட்கிழமை போன்

காலை பேப்பர் விழுந்த கொஞ்ச நேரத்தில் ஜில் கூப்பிட்டார். இந்த ஊரில் முதுகில் முழங்கால் ஊன்றி ஏறத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றார். நான் மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார். சண்டைக்குக் கூப்பிடவில்லை, இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், டேரன் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார், காலையிலிருந்து இன்று என்ன கிழமை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். தலை தரையில் பட்டதா என்று கேட்டார்.

பட்டது என்றேன். எந்தப் பக்கம், எப்படி எழுந்தார், பிறகு எங்கே போய் நின்றார், எல்லாம் சொன்னேன். ஜில் குரல் கொஞ்சமும் உடையவில்லை. "போனை டாக்டரிடம் கொடுக்கிறேன். இதையே அவரிடம் திரும்பச் சொல்லுங்கள்."

என் சர்வீஸில் ஒரு மேட்சை நான் ஒழுங்காக ரிப்போர்ட் செய்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் போனில். அந்த அடிக்குப் பிறகு, 2011 அக்டோபரில், டேரன் டாக்டர் சொன்னபடி கார் ஓட்டுவதை நிறுத்தினார்.