எண்பத்தொரு கிலோவுக்குக் கீழே

தைல வாசனை வந்தால் இப்போதும் எனக்குப் பயம். போன வாரம் டவுன்ஷிப் பஸ்ஸில் முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் சின்னப் பாட்டிலைத் திறந்து முழங்காலில் தேய்த்தார். பச்சையும் காரமுமான அந்த நெடி மூக்கைத் தாண்டி நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். குத்துச்சண்டை மேடை ஏறும் முன் என் வீட்டுக்காரர் தோளிலும் புஜத்திலும் அதைத்தான் தேய்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு அது வலி போக்கும் மருந்து. எனக்கோ, வலி இனிமேல்தான் வரப்போகிறது என்று சொல்ல வரும் வாசனை.

அவர் ஹெவிவெயிட் சாம்பியன். மாநில அளவில் வருஷக் கணக்காக அவரை யாரும் அசைக்கவில்லை. நெய்வேலியில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பால் பூத்தில் நின்றால், "சாம்பியனே அரை லிட்டர்தான் வாங்குறாரு, நமக்கு எதுக்குப்பா ஒரு லிட்டரு" என்று யாராவது சீண்டுவார்கள். அவர் சிரிப்பார். சிரிக்கும்போது உடைந்து ஒட்டிய மூக்கு ஒரு பக்கமாகச் சாயும். சிரிக்கும் அவர்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவர் ஹெவிவெயிட்டே இல்லை.

மாமனாரின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்ட பிறகு, இவர் கான்ட்ராக்டில் சேர்ந்து, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்ற உயரம், எலும்பான உடம்பு. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த மாஸ்டர் ஒருவர் சாயங்காலங்களில் பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் இவரை மேலும் கீழும் பார்த்து அந்தக் கணக்கைச் சொன்னவர். "உன் வெயிட்ல நின்னா உனக்கு முன்னாடி பெரிய கூட்டம் நிக்குது. ஹெவியில பாரு, ஆளே கிடையாது. மெடல் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டா. கோட்டா வந்தா வேலை பெர்மனென்ட். புரியுதா?"

புரிந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் புரியாது? பெர்மனென்ட் என்ற சொல் காதில் விழுந்தால் இங்கே தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். ரேஷன் கடையில் ஆளில்லாத வரிசையைப் பார்த்துப் போய் நிற்பது போல அவர் அந்த எடையில் போய் நின்றார். அந்த வரிசை ஏன் காலியாக இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, அவரைப் பெற்றவர்களும் கேட்கவில்லை. திருவதிகையிலிருந்து கல்யாணம் ஆகி வந்த நானும் கேட்கவில்லை.

வந்ததும் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அவரை எண்பத்தொரு கிலோவுக்கு மேலே வைத்திருப்பது; அதற்குக் கீழே இறங்கினால் ஹெவிவெயிட் கிடையாது. மற்ற வீரர்கள் பட்டினி கிடந்து எடையை இறக்குவார்களாம். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். மாமியார் குள்ளஞ்சாவடிப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து துணிப்பையில் முந்திரிப் பருப்பு வாங்கி வருவார். முட்டை, பலாச்சுளை, நெய் ஊற்றிய சோறு என்று எதிரில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகப் போடுவேன். அப்படியும் தராசு முள் ஏறாது. போட்டி நடக்கும் நாள் காலையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்த் தராசில் நிற்பார். "ஒண்ணுக்குப் போவாம அடக்கிக்கினு நிக்கிறேன், சீக்கிரம் எழுதிக்குங்க சார்னு சொன்னேன்" என்று வந்து சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். கல்யாணமான புதிது. தண்ணீரைக் குடித்து ஒருவர் பெரிய ஆளாவது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதல் பட்டம் ஒரு குத்துக்கூட விடாமல் வந்தது. எதிராளி வரவில்லை. மாலை போட்டுக்கொண்டு மேடை நடுவில் தனியாக நின்றவருடைய கையை நடுவர் தூக்கினார். அடுத்தடுத்த வருஷங்களில் வந்தவர்கள் பெருத்தவர்கள், மெதுவானவர்கள். இவர் கால் நிற்காது. தொட்டுவிட்டு விலகி, தொட்டுவிட்டு விலகி, புள்ளிகளிலேயே ஜெயித்தார். பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. க்வார்ட்டர்ஸ் கிடைத்தது. குடிபோன அன்று மாமியார் சுவர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பயம் அன்றைக்கு எங்கள் வீட்டு முகவரி அறியாமல் வேறெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

மாநிலத்துக்கு வெளியே நிஜமான ஹெவிவெயிட்டுகள் இருந்தார்கள். அகில இந்தியப் போட்டி ஒன்று சென்னையில் நடந்தபோது என்னையும் அழைத்துப் போனார். நான் பார்த்த ஒரே அகில இந்தியப் போட்டி அதுதான். எதிரில் வந்த வடக்கத்தி ஆள் கதவு நடந்து வருவது போல வந்தார். அந்த உடம்பில் தண்ணீர் இல்லை, முழுக்கத் தசை. முதல் குத்து தலைக்கவசத்தின் மேல் விழுந்த சத்தம், நனைந்த மூட்டையை லாரியிலிருந்து தரையில் போட்ட சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் கைக்கு உள்ளேயும் கேட்டது. அவர் விழுந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவர் விழவில்லை. மணி அடித்ததும் எதிராளியின் மூலைக்கு நடந்துபோய், அங்கே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கிருந்த பயிற்சியாளரைப் பார்த்துத் தண்ணீருக்கு வாயைத் திறந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அதற்குப் பிறகும் வருஷா வருஷம் போனார். வருஷா வருஷம் முகம் வீங்கித் திரும்பினார். வீக்கம் வடிந்துவிடும். வடியாதது வேறு. "இன்னிக்கு நமக்கு என்ன ஷிப்ட்டு?" என்று கேட்பார். சொல்வேன். பல் தேய்த்துவிட்டு வந்து மறுபடி கேட்பார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் வீடு மாறிப் போனார். இங்கே அது நடக்காத காரியமில்லை. ஒரே அச்சில் வார்த்த க்வார்ட்டர்ஸ், ஒரே நிறக் கதவு, ஒரே இடத்தில் முருங்கை. ஷிப்ட் முடிந்த அசதியில் அடுத்தவர் வீட்டுக்குள் ஒரு தடவையாவது நுழையாத ஆள் டவுன்ஷிப்பில் கிடையாது. இவர் நுழைந்தது அடுத்த பிளாக்கில், மதுரைப் பக்கத்துக்காரர் வீடு. அந்த அக்காதான் சிரித்துக்கொண்டே அழைத்து வந்தார்.

"ஏம்மா, உங்க சாம்பியன் எங்க வீட்டு நாற்காலியில உக்காந்து காப்பி கேக்காக. நானும் போட்டுக் குடுத்துட்டேன். சக்கரை கம்மின்னு வேற குறை சொல்றாக."

தெருவே சிரித்தது. "நான்கூட போன மாசம் பக்கத்து வூட்டுல போயி லுங்கி எங்கன்னு கேட்டேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர். நானும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தேன். மற்றவர்கள் நுழைந்த நொடியில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். இவர் காப்பியைக் குடித்து முடித்திருக்கிறார். அந்த அக்காவை என் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஊருக்கே பழகிப்போன ஒரு சிரிப்புக்குப் பின்னால் அந்தப் பயங்கரம் யார் கண்ணிலும் படாமல் நின்றுகொண்டிருந்தது. அன்று முதல் எங்கள் வாசல் கேட்டில் ஒரு சிவப்பு வாளியை அடையாளத்துக்கு மாட்டிவைத்தேன்.

டாக்டரிடம் போனோம். "தலையில இனிமே ஒரு அடிகூடப் படக் கூடாது" என்றார். இவர் "சரிங்க சார்" என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டியதும் நேரே பயிற்சிக்குப் போய்விட்டார். அடுத்த அகில இந்தியப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதேன், கத்தினேன், பேசாமல் இருந்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்த எடையில நின்னதாலதான்டி நமக்கு இந்த வூடு. அதுலேர்ந்து எறங்கிட்டா நான் யாரு?"

அந்த எடை என் சமையலறையில் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெய்யை நிறுத்தினேன். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினேன். முந்திரிப் பை பரணுக்குப் போனது. போதவில்லை, அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். ஒரு மத்தியானம் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "சோறு போடு" என்றார். என் கை சட்டியை எடுக்கப் போயிற்று. வாய் முந்திக்கொண்டது.

"இப்பத்தானங்க சாப்ட்டீங்க."

அவர் என்னைப் பார்த்தார். வலது கை விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "சாப்ட்டனா? சரி" என்று எழுந்து போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். சட்டியை மூடி வைத்தேன். தன் பசியைவிட என் பொய்யை அவர் நம்பிவிட்டார் என்றால், அந்தத் தலைக்குள் எவ்வளவு இடிந்திருக்க வேண்டும்? ஆனாலும் விடவில்லை. கிளம்பும் நாள் வரைக்கும் ஒரு வேளை விட்டு ஒரு வேளை அதையே சொன்னேன். இதைத் தப்பென்று நான் இன்றுவரை நினைத்ததில்லை. மேடைக்கு வெளியே நின்று எனக்கு விடத் தெரிந்த ஒரே குத்து அது.

அந்தப் போட்டியில் அவர் மேடை ஏறவில்லை. முள் எண்பத்தொன்றைத் தொடவில்லை. மாஸ்டர் தண்ணீரை நீட்டி, கெஞ்சி, கடைசியில் திட்டியும் அவர் வாங்கிக் குடிக்கவில்லையாம். அதன் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. "வடக்கத்தியானைப் பாத்து சாம்பியன் பயந்துட்டாரு" என்று பால் பூத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் அது விழுந்தது. சிரித்தார். பயந்தவள் நான் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இன்று அவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. அடி நின்றதால் மறதியும் மெதுவாகத்தான் நடக்கிறது, நிற்கவில்லை. சில காலைகளில் என்னை யாரோ போலப் பார்த்து மரியாதையாக, "உக்காருங்க" என்கிறார். க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்கு, ஒன்றைப் போல ஒன்று இல்லாத வீடுகளுள்ள தெருவுக்குப் போகப் போகிறோம். அங்கே வழி தப்பினால் சிரித்துக்கொண்டே அழைத்து வர யார் இருப்பார்கள்? பகலில்கூட இந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி உட்காரும்போதெல்லாம் அவர் அந்தக் கடைசிப் போட்டிக்குக் கிளம்பிப் போன காலையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வண்டி ஸ்டேடியம் வாசலில் நின்றது. சட்டைக் கழுத்து அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. மாஸ்டர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, ஆளு வத்திப்போன மாதிரி இருக்கானே. சரியா சாப்புடுறானா?"

"நல்லா சாப்புடுறாரு மாஸ்டர்" என்றேன்.

இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் உறுமத் தொடங்கியதும் என்னைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி தலையை வெளியே நீட்டிக் குனிந்தார்.

"காலையில நான் சாப்டல. நேத்து மத்தியானமும் சாப்டல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுடி. மாஸ்டர்கிட்ட சொல்லல. நீ பயப்படாம வூட்டுக்குப் போ."