டிரில் டீச்சர் எண்ணிய நாடி

காலை ஆறரை மணி. மட்டாஞ்சேரிப் பெண்கள் பள்ளி மைதானத்தில் டிரில் டீச்சர், ஓடி முடித்த மாணவியின் நாடியைக் கைக்கடிகாரம் பார்த்து எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். யாரிடம் பேசுவதற்கு முன்பும் அவர் நாடி பார்ப்பார்.

அந்த மாணவி உடற்கல்விக் கல்லூரியில் சேர, விண்ணப்பத்தில் தந்தை கையெழுத்திட வேண்டும். அன்றே கடைசி நாள். அரிசி மண்டி வைத்திருந்த அவள் தந்தை ராவுத்தர் மறுக்கத்தான் வந்திருந்தார்.

“ஓடிச் சாடிக் குதிச்சு நடக்கிற பொண்ணை யாரு கட்டுவா, டீச்சரே?”

டீச்சர் கடிகாரத்தைக் கழற்றி மாணவியிடம் கொடுத்தார். “அத்தாவுக்குப் பாரு.”

அவள் எண்ணினாள். “சும்மா உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நூத்திப்பத்து. நாலு சுத்து ஓடின எனக்கே தொண்ணூறுதான், அத்தா.”

“அது கூடுதலா?”

“டாக்டரைப் பாருங்க, ராவுத்தரே. கையெழுத்து போடாட்டியும் பாருங்க,” என்றார் டீச்சர். கெஞ்சலோ மிரட்டலோ அந்தக் குரலில் இல்லை.

ராவுத்தர் எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் படகேறப் போனார். பெஞ்சில் இருந்த விண்ணப்பத்தில் கையெழுத்து இருந்தது.