மணலில் நட்ட தங்கை

பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் இறங்கிப் புளி மண்டி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். மண்டிகள் பல இருக்கின்றன, ஆனால் கேட்டவருக்கெல்லாம் கை நீட்டிக் காட்டுவது என் கடையைத்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்தப் பக்கத்தில் என்னைப் போல் தன் கையை ஊன்றி எழுந்தவன் இன்னொருத்தனைக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம். அப்படிப்பட்ட நான் முதன்முதலாக ஒரு காரியத்தை எடுத்து முடித்துக் காட்டியது எட்டு வயதில். என் தங்கையை நடக்க வைத்தது நான்தான். நம்பாதவர்கள் அவளையே கேட்டுக்கொள்ளலாம், தருமபுரியில்தான் இருக்கிறாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தங்கைக்கு மூன்று வயது முடிந்தும் நடை வரவில்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து வாசலெல்லாம் போய்வருவாள். வேகத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, கோழியையே துரத்திப் பிடிப்பாள். தூக்கி நிறுத்தினால் மட்டும் கால் ஈரத்துணி மாதிரி மடங்கிவிடும். எலும்பில் கோளாறு இல்லை, காலில் வலுதான் இல்லை, ஏற நாளாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எத்தனை நாளாகும் என்று சொல்லவில்லை. அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். நடை வராத பிள்ளைகளை மணலில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா யாரையும் கேட்காமல் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள். துணைக்கு நான்.

வாணியாறு வறண்டு கிடந்தது. வெயில் ஏறி மணல் வெதுவெதுப்பானதும் அம்மா கையாலேயே குழி பறித்து, தங்கையை உள்ளே நிறுத்தி, சுற்றிலும் மணலைத் தள்ளி அழுத்துவாள். முதல் நாள் மார்பு வரைக்கும் மணல். வெளியே தெரிந்தது தலையும் இரண்டு கைகளும்தான். அவள் போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன. அந்த அழுகையை நிறுத்துவது என் பொறுப்பு. நாய் மாதிரி குரைப்பேன், வாயாலேயே பஸ் ஓட்டுவேன், பொரி உருண்டையைக் காட்டிக்காட்டி எட்டப் போவேன். அவள் சிரித்துக்கொண்டே மணலுக்குள் காலை உதைப்பாள். இவ்வளவு பாடுபட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால், இறக்கிவிட்டதும் பழையபடி தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

காட்டு வேலைக்கு ஆற்றைக் கடந்து போகிற அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, எங்களைப் பார்த்தால் பொழுது போகும்.

"என்னங்க அண்ணி, நாத்து நட்டாப்பல நட்டு வச்சிருக்கீங்க? தண்ணி ஊத்துனா தழையுங்களா?"

"தழைஞ்சா மொதல்ல உன் வூட்டுக்குத்தான் அனுப்புவேன். வெல்லத்த எல்லாம் இப்பவே ஒளிச்சி வச்சிக்க" என்பாள் அம்மா, குழியிலிருந்து தலை நிமிராமல்.

நட்ட மறுநாளே காய் கேட்கிற ஆள் நான், அன்றும் இன்றும். வாரக்கணக்கில் குரைத்தும் பலன் இல்லை என்றால் மனுஷனுக்குக் கோபம் வராதா? "அம்மா, இது வேலைக்காவாது, வா போலாம்" என்றேன் ஒரு நாள்.

"நீ கொரைக்கிறத மட்டும் நிறுத்தாத. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ஆனால் என் கண்ணுக்கு ஒன்று தப்பவில்லை. மார்பு வரைக்கும் இருந்த மணல் இடுப்புக்கு வந்திருந்தது, இடுப்புக்கு வந்தது தொடைக்கு இறங்கியிருந்தது. தங்கை வளர்கிறாள்! அத்தை வந்ததும் முந்திக்கொண்டு சொன்னேன்: "அத்தை, பாப்பா நெசமாவே வளந்துடுச்சி! மணலு தொடைக்குத்தான் வருது, பாருங்க!"

அத்தை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தூக்குப்போசி சாய்ந்து மோர் கொட்டிப் போனது. "அடேய், உங்கப்பன் ஒசரத்துக்கு வந்ததும் வந்து சொல்லுடா!" அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மணலைத் தட்டினாள்.

ஆடிப் பண்டிகைக்கு அப்பா வந்தார். என் தங்கை நடந்து வந்து அவரைக் கூப்பிடுவாள் என்று தெருப் பிள்ளைகளிடம் நான் ஏற்கெனவே பறைசாற்றியிருந்தேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கூட்டமே நின்றது. அப்பா இறங்கியதும் தங்கையை ரோட்டோரத்தில் நிறுத்தி, "நட பாப்பா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், சட்டென்று உட்கார்ந்தாள். புதுப் பாவாடையோடு புழுதியில் தேய்த்துக்கொண்டே அப்பாவிடம் போய்ச் சேர்ந்தாள். யாரோ சிரித்தார்கள். அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தார். "போதும், வுட்டுடு. மாசக்கணக்கா மண்ணுல பொதச்சி என்னத்தக் கண்ட? இருக்கிற மாதிரி இருக்கட்டும். கொழந்தைய வதைக்காத."

"ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் வுடுங்க" என்றாள் அம்மா. "வந்துட்டா அப்புறம் நானே நெனச்சாலும் எங்க போய் நிறுத்தறது?"

அப்பா எழுந்து கை கழுவினார்.

அவர் பெங்களூர் திரும்பிய பிறகு ஆறு இறங்கி வருகிற மலைமேல் மேகம் இறங்க ஆரம்பித்தது. தினமும் காலையில் நான் முன்னால் ஓடி, தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வேன். ஒரு நாள் மணல் நிறம் மாறிக் குளிர்ந்து கிடந்தது. மேலே நல்ல மழை, பொழுது சாய்வதற்குள் ஆறு வந்துவிடும் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். அம்மா காதில் வாங்காதவள் போல் வழக்கமான இடத்தில் தங்கையை நிறுத்தினாள்.

நாளை முதல் ஆற்று மணல் இல்லை என்றதும் எனக்குக் குரைக்கவும் மனமில்லை. கையில் ஒரு முறுக்கு இருந்தது. எட்ட நின்று அதை அவள் கண்ணெதிரே கடித்துத் தின்றேன். "வேணுமா? வேணும்னா நீயே வந்து வாங்கிக்க." பாதி முறுக்கு போயிற்று. அவள் முகம் சிவந்தது. ஒரு காலை மணலிலிருந்து உருவினாள். மற்றதையும் உருவினாள். தள்ளாடித் தள்ளாடி என்னை நோக்கி வந்தாள். கோபம் வந்தால் கடிக்கிறவள் என்று தெரியும், அதனால் பின்னால் நகர்ந்தேன். விழுந்தாள், கையை ஊன்றி எழுந்தாள், மறுபடியும் வந்தாள். கடைசியில் முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு கையையும் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

"நான் நடக்க வச்சிட்டேன்! பாப்பாவ நான் நடக்க வச்சிட்டேன்!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். அத்தை போட்டது போட்டபடி ஓடி வந்தாள். அவளை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பியபோது, தங்கை விழுந்தும் எழுந்தும் மணலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா அவளையே பார்த்தபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டோம், எழவில்லை. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒரு கேலியும் பேசவில்லை.

குழி பறித்த களைப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்று அங்கே குழியே இல்லை. தங்கையை வெறும் தரையில் நிறுத்தி, பாதத்தின் மேல் இரண்டு கை மணலைத் தள்ளியிருந்தாள் அம்மா, அவ்வளவுதான்.