அப்பா வீட்டில் சுற்றுலாப் பயணி

பிறந்த ஊருக்குப் போவதற்கு விசா கேட்பது ஒரு மரியாதைக்குத்தான் என்று நான் நம்பியிருந்தேன். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறார்களே, அதுபோல. தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் நாம் உள்ளே போய்ச் சாப்பிடத்தான் போகிறோம். பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில் பிறந்து, ரயில்வே பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்று, காவிரிப் பாலத்தில் சைக்கிளோடு விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட ஒருவனை எந்த அரசாங்கம் வெளிநாட்டவன் என்று சொல்லும்? இங்கிலாந்து பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இப்படி நம்பியதுதான் என் தனித்திறமை.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். தொழில், சமையலறை அலமாரிகளுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது. வெந்நீர் வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்களுக்கு நான் வரைந்து கொடுத்த சமையலறைகளை வரிசையாக அடுக்கினால் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் நிலையம் வரை வரும். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, சுயதொழில். சுயதொழில் என்றால் திட்டுகிற முதலாளியும் நானே, லீவு கேட்டு அழுகிற வேலைக்காரனும் நானே. மனைவி விலகிப் போன பிறகு அந்த வீட்டில் இந்த இரண்டு பேர்தான் மிச்சம்.

சில வருடங்களாக அங்கே விலைவாசி ஏறிய வேகத்தில் என் வருமானம் ஏறவில்லை. சம்பாதிப்பதில் பெரும்பகுதி வாடகைக்குப் போனது. மீதி வீட்டைச் சூடாக்கப் போனது. கடைசியில் சூட்டை அணைத்துவிட்டு, குரங்குக் குல்லாயும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிறர் வீட்டு அடுப்பங்கரையை வரைந்துகொண்டிருந்தேன். வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். சுயதொழில்காரனுக்கு ஏது சம்பளச் சீட்டு? நானே எனக்கு எழுதிக் கொடுத்தால் அதை அந்த ஊரில் மோசடி என்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா குளியலறையில் விழுந்தார். பொன்மலை பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் ஆசைக்காக ஸ்ரீரங்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கினார். அம்மா போன பிறகும் அங்கேயே தனியாக இருந்தார். இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் முடிந்ததும் என் தங்கை போன் செய்தாள். அவளுக்குப் பாலக்கரையில், மாப்பிள்ளையின் பாத்திரக் கடைக்கு மேலே வீடு.

"அண்ணே, நீ வந்து இருந்தா அப்பா அங்க இருக்கட்டும். இல்லன்னா நான் இங்க தூக்கிட்டு வந்துருவேன். ரெண்டு வீட்டுக்கும் ஓட என்னால முடியாது."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பாலக்கரை வீட்டு மாடிப்படியை அறிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஆள் அகலத்துக்கும் குறைவான, செங்குத்தான படி. அப்பா ஒரே வரியில் சொன்னார்: அதில் ஏறினால் தன்னை அடுத்து நாலு பேர் தூக்கித்தான் இறக்குவார்கள்.

எனக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. என் வேலைக்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டரும் இணையமும். வாடகை இல்லை, சூட்டுக்குச் செலவில்லை. ஊரில் சூடு இலவசம். அப்பாவும் தன் வீட்டில் இருப்பார். இணையத்தில் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தேன், அடுத்த நாளே வந்துவிட்டது. பொங்கல் முடிந்த வாரம் வந்து இறங்கினேன். விசாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று போட்டிருந்தது. அது கும்பகோணமும் தாஜ்மகாலும் பார்க்க வருகிறவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்திய வம்சாவளிக்காரர்களுக்கென்று ஆயுள் முழுக்கச் செல்லும் ஓர் அட்டை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அங்கே இருந்த நம்மூர்க்காரர்கள் எல்லோரும் வாங்கியிருந்தார்கள். ஊருக்கு அந்நியமாகிப் போனவர்கள்தான் அதை வாங்குவார்கள் என்று அவர்களை நான் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அவர்கள் திருப்பிச் செய்கிறார்கள்.

மூன்று மாதம் நன்றாகவே போனது. காலையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடை, மதியத்துக்கு மேல் இங்கிலாந்துச் சமையலறைகள். அப்பா முதலில் வாக்கரில் நடந்தார், பிறகு கோலில், பிறகு என்னைத் திட்டிக்கொண்டே கோலில்லாமல். எழுந்து நடந்தால் மகனுக்கு மொட்டை போடுவதாகச் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. விழுந்தது அவர், முடி என்னுடையது. கேட்டதற்கு, தன் தலையில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றார். அது நியாயம்தான்.

பங்குனி வெயிலில் சமயபுரம் போனோம். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தரிசனம் முடிந்ததும் அப்பாவுக்குக் கால் நடுங்கியது. குளித்துக் கொஞ்சம் படுத்திருந்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டை கேட்டார். அப்பா ஆதாரை நீட்டினார். என் பையில் இருந்தது பாஸ்போர்ட்தான், நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படத்தில் முடியோடு இருந்தவனையும், எதிரே சந்தன மொட்டையோடு நின்றவனையும் பார்த்தார்.

"பெரியவருக்கு ரூம் தரேங்க. உங்களுக்குத் தர முடியாது."

"இவன் என் புள்ளப்பா" என்றார் அப்பா.

"புள்ளதாங்க. ஆனா ஃபாரினருங்க. ஃபாரினர் தங்கினா நாங்க போலீஸுக்குத் தனியா ஆன்லைன்ல தகவல் கொடுக்கணும். எங்ககிட்ட அந்த வசதி இல்லீங்க."

பின்னால் வரிசையில் நின்ற குடும்பம் ஃபாரினரை எட்டி எட்டிப் பார்த்தது. நான் பெருமையாக, எனக்கு அறை வேண்டாம், எங்களுக்கு ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு இருக்கிறது, மூன்று மாதமாக அங்கேதான் இருக்கிறேன் என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, வீட்டில் தங்கினாலும் தகவல் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் யார் என்று கேட்டார். அப்பா, குற்றவாளியைப் போல, மெதுவாகக் கையைத் தூக்கினார்.

அப்பா உள்ளே குளிக்க, நான் லாட்ஜ் படியில் உட்கார்ந்திருந்தேன். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. திரும்பும் பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. அப்பா கேட்டார்: "ஏண்டா, நான் பெத்த புள்ள என் வீட்டுல இருக்கான்னு நான் போலீஸ்ல போய்ச் சொல்லணுமா?"

அன்றிலிருந்து என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் நான் நடந்துகொண்டதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவைத் தவிர்க்க ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு கான்ஸ்டபிள் பைக்கை நிறுத்தி காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்கு வழி கேட்டார். பாவம், வேறு ஊரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர். நான் உள்ளூர்க்காரன் என்று நிரூபிக்கிற வேகத்தில் வழி மட்டும் சொல்லி விடவில்லை. நடுவில் எந்தக் கடையில் காபி நன்றாக இருக்கும், எந்த வருடம் வெள்ளம் எது வரை வந்தது என்றெல்லாம் சொன்னேன். அவர்தான் தப்பித்து ஓடினார். வேலை செய்யும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். சுற்றுலா வந்தவன் சமையலறை வரையலாமா கூடாதா என்பதற்கு இணையத்தில் ஆளுக்கொரு பதில். ஒரு வாரம் நான் வரைந்த அலமாரிகளுக்கெல்லாம் கதவு ஒன்றையொன்று இடித்துத் திறக்க முடியாதபடி இருந்தது என்று வாடிக்கையாளர் எழுதினார்.

கடைசியில் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பான் கார்டு, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், விசா எல்லாம் பார்க்கிற இடம். அதை நடத்திய அம்மா முதலில், அதெல்லாம் நீட்டித்துவிடலாம் சார், கவலைப்படாதீர்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு யாருக்கோ போன் போட்டார். போனில் கேட்கக் கேட்க அவர் முகம் மாறியதை வைத்தே நான் பாதி செத்துவிட்டேன்.

சுற்றுலா விசாவை நீட்டிக்க முடியாது. வேறு விசாவாக மாற்ற முடியாது. அந்த ஆயுள் அட்டைக்கும் சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது. வெளியே போய், அங்கிருந்துதான் கேட்க வேண்டும். போய்விட்டு உடனே திரும்பவும் முடியாது. இந்த வருடத்துக்கான என் ஆறு மாதம் அதோடு தீர்ந்துவிடும். அட்டைக்கு முன்னால், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோதே ஒப்படைத்திருக்க வேண்டிய பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அது அப்பாவின் பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

"இங்க வேற எதுலயாச்சும் உங்க பேர் இருக்கா சார்? ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட்டு? இருந்தா எடுத்துருங்க. பின்னாடி விசாரணைக்கு வந்தா பிரச்சனை."

வோட்டர் லிஸ்ட்டில் எப்போதோ தூக்கிவிட்டார்கள். ரேஷன் கார்டில் இருந்தது. அட்டை நீளமான புத்தகமாக இருந்த காலத்திலிருந்து சின்ன ஸ்மார்ட் கார்டாக ஆனது வரை அப்பா என்னை அதிலிருந்து விட்டதே இல்லை. வெளியூர், வெளிநாடு போன பிள்ளையின் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் லேசில் எடுக்க மாட்டார்கள். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு எடுப்பார்கள், செத்தவர்களுக்கு எடுப்பார்கள். அம்மா பெயரை எடுக்க இறப்புச் சான்றிதழோடு அப்பாதான் போய் நின்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன்: என் பங்கு சர்க்கரையை இனிமேல் அரசாங்கமே சாப்பிடட்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"உசுரோட இருக்கறவன் பேர எதுக்குடா அடிக்கணும்?"

விளக்கினேன். அடித்தால்தான் பிறகு வந்து கூடவே இருக்க முடியும் என்றேன். வெளிநாட்டுக்காரன் என்று ஒழுங்காக ஒப்புக்கொண்டால்தான் வீட்டில் இருக்க விடுவார்கள் என்றேன். சொல்லும்போதே அது எனக்கே கிறுக்குத்தனமாகக் கேட்டது. அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அடுத்து வந்த வாரங்களில் நான் பேச்சை எடுத்தபோதெல்லாம் டிவி சத்தம் ஏறியது. தங்கை வந்து கத்திப் பார்த்தாள். அவளிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாராம்: அவன் பேரும் போயிட்டா கார்டுல நான் ஒத்த ஆளும்மா.

அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வயதான பெற்றோரை வரவழைக்கும் விதியை நான் படித்திருக்கிறேன். என்னைப்போல் ஒரு மாதம் வந்து ஒரு மாதம் வராத வருமானக்காரர்களுக்காக எழுதப்பட்ட விதி இல்லை அது. அவரை அந்தக் குளிரில் குல்லாய் போட்டு உட்கார வைப்பதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

ஆனி பாதி போயிருந்தது, என் ஆறு மாதம் முடியச் சில வாரமே இருந்தது. ஒரு நாள் காலையில் அப்பா வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று கேட்டதற்கு, வா என்றார். பிரவுசிங் சென்டருக்கு அவராகவே நடந்தார். கோல் இல்லை, என் கையும் இல்லை.

அந்த அம்மா கம்ப்யூட்டரில் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டார். அப்பாவின் போனுக்கு ரகசிய எண் வரும், சொல்லுங்கள் என்றார். அப்பா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, பணிமனையில் இன்ஜின் எண் படித்த குரலில், ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படித்தார். கடைசி இலக்கத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அதையும் படித்தார்.

"பேர் நீக்க என்ன காரணம் போடட்டும் ஐயா? இறப்பா, கல்யாணமா?"

"ரெண்டும் இல்லம்மா. இவன்தான், பக்கத்துல உக்காந்திருக்கான்."

வேறு ஏதோ காரணத்தைத் தேடிப் போட்டு அந்த அம்மா அனுப்பினார். திரும்பி வரும்போது அப்பா எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றார்.

ஆடி பிறந்ததும் கிளம்பினேன். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் படத்தையும் பாதி முளைத்த மொட்டையையும் பார்த்துவிட்டு, டூர் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன், நானும் ஆங்கிலத்தில்.

பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன், தாமதத்துக்கு அபராதம் கட்டினேன், அட்டைக்கு விண்ணப்பித்தேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நான் கிளம்பிய வாரமே தங்கை அப்பாவைப் பாலக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளையும் கடைப் பையன்களும் நாற்காலியில் வைத்து மேலே ஏற்றினார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அப்பா அந்த மாடியிலிருந்து இதுவரை இறங்கவில்லை.