பூஜையில் வைத்த ரவுட்டர்

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இன்டர்நெட்டுக்கு நான்தான் பொறுப்பு. யாரும் கொடுத்த பதவி இல்லை, நானே எடுத்துக்கொண்டது. கீழே ஹாலில் என் கம்ப்யூட்டர்; தி.நகரில் ஒரு கடைக்காக அதில்தான் கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைக்கிறேன். பக்கத்து அறையில் என் கணவருடையது. மாடியில் ஓரகத்தியின் லேப்டாப். மூன்றுக்கும் ஒரே லைன். ஹாலில் ஒரு ரவுட்டர் வைத்தேன். பழைய சுவர்கள் சிக்னலைத் தின்றுவிடுவதால், மாடிக்கு ஒயர் இழுத்து அங்கே இன்னொன்றை வைத்தேன். சுவரில் துளை போட்டதும் நான்தான். "ஆளைக் கூப்பிடலாமே" என்றார் கணவர். "ஆள்தான் வந்திருக்கேனே" என்றேன்.

மாமியாரிடமும் பெருமை அளந்தேன். "அத்தை, மூணு கம்ப்யூட்டருக்கும் சோறு போடுறது இந்த டப்பாதான்."

அதுவே வினையாயிற்று. ஆயுத பூஜையன்று மத்தியானம் பூ வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், ஹாலில் டப்பாவைக் காணோம். சாமி படத்துக்கு முன்னால், அரிவாள்மனைக்கும் சுத்தியலுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. மாமியார் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து வைத்திருக்கிறார்.

மாலை நாலு மணிக்கு ஓரகத்திக்கு இன்டர்வியூ. குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவள். ஆறு வருஷம் கழித்து முதல்முறையாக ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி, அவர்களுக்கு நம் பூஜை தெரியாது.

"அத்தை, அந்த டப்பாவைக் குடுங்க. அவளுக்கு இன்டர்வியூ."

"இன்னாது? சாமிகிட்ட வெச்சத நாளைக்கி காலைல பூசை பண்ணிட்டுதான் எடுக்கணும். ஒரு நாளு ரெஸ்ட்டு எடுக்கட்டும்."

"அதுக்குள்ள நாலு மணி ஆயிடுமே!"

"போன்ல பேசச் சொல்லு."

எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடு வந்தாலே அதிசயம். இன்டர்நெட் கம்பெனி ஆளும் இன்று வரமாட்டார். அவருடைய ஸ்குரூடிரைவரும் பூஜையில்தான் இருக்கும்.

படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி, "விடுங்கக்கா, பரவால்ல" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாமியார் மேல் இல்லை, அந்த 'விடுங்கக்கா' மேல். ஆறு வருஷமாக அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ப் புடவை மாத்து" என்றேன்.

பூஜையில் இருப்பது எனக்கு எதற்கு? மாடியில் ஒன்று இருக்கிறதே! மூட்டுவலியால் மாமியார் படியேறுவதில்லை, அதனால் அது தப்பித்திருந்தது. ஹாலில் இரண்டு ஒயர்கள் அநாதையாகத் தொங்கின. ஒன்று, இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் சுவரில் உயரத்தில் மாட்டிய பெட்டியிலிருந்து வருவது. மற்றது மாடிக்குப் போவது. இரண்டையும் ஒரு ஜாயிண்டரில் செருகினேன். மேலே ஓடி, மாடி ரவுட்டரில் ஒயரை இன்டர்நெட் துளைக்கு மாற்றினேன். அதுவரை கீழே இருப்பதற்கு அடங்கி நடந்த அதை, இனி நீயே பெரியவன் என்று செட்டிங்ஸில் மாற்றினேன். யூசர் நேமும் பாஸ்வேர்டும் எனக்கு மனப்பாடம். சிவப்பு விளக்கு பச்சையானதும் ஓரகத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போய் உக்காரு" என்று கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

சமையலறை படிக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே சுண்டலுக்காகக் குக்கரில் வைத்த கொண்டைக்கடலை, ஒரு விசில்கூட வராமல் இறங்கியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. மாமியார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அத்தை நிறுத்திட்டீங்க?"

அவர் விரலை உதட்டில் வைத்தார். "விசில் அடிச்சா அவ பேச்சு கெட்டுடும்ல?"

"கடலை வேகலையே. சாமிக்குப் படைக்கணுமே?"

"சாமிக்கு பல்லு கெட்டியாத்தான் கீது. அவ பேசட்டும்."

அன்றைக்கு அந்த அரைவேக்காட்டுச் சுண்டலை எல்லோரும் நறுக் நறுக்கென்று கடித்தோம். ஓரகத்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.