சாவியோடு சேர்ந்து அணைந்த இன்வெர்ட்டர்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். கரும்பு வெட்டு நடக்கும் தை மாதம். விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடத்துக்கு, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் செராமிக் பொம்மைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடும் பழைய ஆம்னி வேன்தான் எங்கள் குடும்ப வாகனமும்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. வீசிங் வந்தால் நெபுலைசர் வைத்தே ஆகவேண்டும். வழியில் வந்தால் என்ன செய்வது என்று வேன் பேட்டரியிலேயே நெபுலைசர் ஓட, இவர் ஒரு இன்வெர்ட்டர் பொருத்தியிருந்தார். அணைக்க மறந்து ஒருமுறை பேட்டரி இறங்கிப்போனது. அதனால் சாவியைத் திருப்பினால் தானாக ஓடவும், வண்டியை நிறுத்தினால் தானாக அணையவும் அவரே ஒயரிங் செய்தார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி அவர் அடித்துக்கொண்ட பெருமை தாங்காது.

அன்று பாதி வழியில் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மடியில் வைத்து மாஸ்க்கைப் பிடித்தேன். மருந்து ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ரயில்வே கேட் குறுக்கிட்டது. கேட் போட்டால் இன்ஜினை அணைப்பது எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. இவரும் பழக்கதோஷத்தில் அணைத்தார். நெபுலைசரும் நின்றது!

மறுபடி சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரி இறங்கிவிட்டது, நெபுலைசரும் ஓடவில்லை. தள்ளிப் பார்க்க முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை. குழந்தையின் விலா உள்வாங்கி உள்வாங்கி வருகிறது. இவரை என்னவெல்லாம் திட்டினேனோ!

எங்களுக்குப் பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்து பார்த்தார்.

"டிரெய்லர் லைட்டு ஒயரு இருக்குது. எம் பேட்டரியிலேருந்து இழுத்துக்க ஆவுமாங்க?"

"அந்த மெல்லிசு ஒயருல வண்டி ஸ்டார்ட் ஆவாதுங்க. மருந்து மிஷினு ஓடிடும்" என்றார் இவர்.

டிராக்டரின் மூக்கை வேனுக்கு ஒட்டினாற்போல் கொண்டுவந்தார் அவர். இன்வெர்ட்டர் ஒயரைப் பிடுங்கி, அவர் தந்த ஒயரால் டிராக்டர் பேட்டரியோடு இணைத்தார் இவர். நெபுலைசர் 'உர்ர்' என்றது. எனக்குப் போன உயிர் வந்தது.

மருந்து பாதிகூட முடியவில்லை, கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. டிராக்டர்காரர் அசையவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து சண்டைக்கு வந்த கண்டக்டர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்ததும், "ஹார்ன் அடிக்காதீங்கய்யா, புள்ள மூச்சு வுட முடியாம கெடக்குது" என்று கத்திக்கொண்டே வரிசையின் கடைசிவரை நடந்தார். ஒவ்வொரு ஹார்னாக அடங்கியது. பிறகு டிராக்டர் சத்தமும் நெபுலைசர் சத்தமும் மட்டும்தான்.

மருந்து முடிந்து மகள் நிம்மதியாக என் தோளில் சாய்ந்ததும், அதே கண்டக்டர் பஸ்ஸிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து வேனைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டார். "பாத்துப் போயிட்டு வாங்கம்மா" என்றார் டிராக்டர்காரர். அவர் பேரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மறுநாளே இவர் இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார். அந்த வேனை விற்றுப் பல வருடமாகிறது. மகள் வேலைக்குப் போகிறாள். இன்றும் பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர் முன்னால் ஊர்ந்து போனால் இவர் ஹார்னைத் தொடுவதில்லை, நானும் "சீக்கிரம்" என்று சொல்வதில்லை. ஒரு ரோடே எங்களுக்காக நின்றதே, அதற்கு முன்னால் எங்கள் அவசரம் எம்மாத்திரம்!